காரணம் என்ற கட்டம்

ஜூன் 10, திங்கள்

அமெரிக்கத் தலைமை அலுவலகம் புதுச் சலுகை ஒன்றை அனுப்பியிருக்கிறது. சொந்த மாநிலத்தில் செய்துகொள்ள முடியாத மருத்துவத்துக்கு வேறு மாநிலம் போனால் ரயிலும் அறையும் கம்பெனி பொறுப்பு. எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் ஒரே விதி. நானும் பெனடிக்ட் சாரும் படித்துவிட்டுச் சிரித்தோம். மனிதவளப் பிரிவில் அவர் மேலாளர், நான் அவருக்கு அடுத்தபடி. இந்தச் சரவணம்பட்டி ஆபீஸில் முந்நூற்றுச் சொச்சம் பேருடைய விடுப்பு, காப்பீடு, கல்யாணம், காதுகுத்து எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். "கலாமணி, நமக்கு வாளையார் தாண்டினாலே வேற ஸ்டேட்டு. டீ குடிக்கப் போற தூரம்" என்றார் சார். கேரளாக்காரர்களே வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர்தான் வருகிறார்கள். இதை யார் கேட்டு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் நாலே கட்டங்கள். பணியாளர் எண், போகும் ஊர், தேதி, கையெழுத்து. பஸ்ஸில் இடம் பிடிக்கக்கூட இதைவிட அதிகம் கேட்பார்கள். நான் இன்னும் மூன்று கட்டம் சேர்த்தேன்: கணவர் அல்லது தந்தை பெயர், உடன் வருபவர், காரணம். காரணத்துக்கு மட்டும் இடம் தாராளமாக விட்டேன். சார் பார்த்துவிட்டு, இப்போதுதான் இது படிவம் மாதிரி இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் என் வீட்டுக்காரர்தான் ஆபீஸில் கொண்டுவந்து விட்டார். ஆவாரம்பாளையம் வழியாகப் போனால் பத்து நிமிடம் மிச்சம் என்றார். அந்த ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், சுற்றியே போகலாம் என்றேன். அங்கே புது ரோடு போட்டு நாலு வருசம் ஆகிறது என்றார். எனக்கெப்படித் தெரியும் என்றேன். சுற்றியே போனோம்.

ஜூன் 19, புதன்

யார் கேட்டு வரப்போகிறார்கள் என்றேனே, வந்துவிட்டது. இரண்டாம் மாடி டெஸ்டிங் பிரிவு சிந்துஜா. இரண்டு வருசத்துக்கு முன்னால் கோபியில் அவள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். அவள் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் கௌதம் எங்கள் மூன்றாம் மாடியில்தான் வேலை பார்க்கிறான். மாமியார், வீட்டுக்காரர், கணபதியில் வீடு என்று அவள் குடும்ப விவரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போகும் ஊர் எர்ணாகுளம். கணவர் பெயருக்கு ஒரு கோடு. உடன் வருபவருக்கு ஒரு கோடு. காரணம் என்ற கட்டத்தில் "சொந்த விஷயம்" என்று எழுதியிருந்தாள். திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 20, வியாழன்

காலையில் "மருத்துவம்" என்று எழுதி மறுபடி அனுப்பினாள். மருத்துவத்துக்குப் போகாமல் சினிமாவுக்கா போவாள்? அதையும் திருப்பினேன். மதியம் அவளே வந்துவிட்டாள். இந்தக் கட்டம் கட்டாயமா அக்கா என்று கேட்டாள். விதி என்றால் விதிதான் கண்ணு என்றேன். அந்த விதியைப் போட்டது நான்தான் என்று சொல்லவில்லை.  பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து "பல்" என்று எழுதினாள்.

பல்லுக்கு எர்ணாகுளமா, பீளமேட்டில் தடுக்கி விழுந்தால் பல் டாக்டர் வாசலில்தானே விழணும் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

சிந்துஜாவுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. நாளைக் காலை. தனியாகப் போகிறாள். வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறாளாம். கௌதம் பேச்சுவாக்கில் சொன்னான். பல் பிடுங்கப் போவதை ஏன் மறைக்க வேண்டும்? அவளுடைய முப்பத்திரண்டு பல்லும் முத்து மாதிரி இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இன்சூரன்ஸ்காரர்களின் மாதப் பட்டியல் வந்தது. யார் பெயரில், எந்தத் தலைப்பில் அனுமதி கொடுத்தார்கள் என்று வரிசையாக இருக்கும். காய்ச்சல், கண்புரை, காய்ச்சல், எலும்பு முறிவு. பதினோராவது வரியில் சிந்துஜா. தலைப்பு: மகப்பேறு.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கள்ளி! பல்லாம் பல். எங்கள் ஆபீஸில் மகப்பேறு அனுமதி எப்போதும் ஏழாம் மாதம் அறை பதியும்போதுதான் வரும். அப்படியென்றால் ஏழு மாதம். தொளதொளவென்று குர்தா போடுகிறாளே என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. கேரளாவில் பெரிய டாக்டர் யாரையோ பார்த்து வந்திருக்கிறாள்.

இப்போது ஒரே சிக்கல் ஆடி. பதினேழாம் தேதி பிறக்கிறது. ஆடியில் வளைகாப்பு போடக் கூடாது, ஆவணி வரை காத்திருந்தால் அவள் பிரசவத்துக்கே போய்விடுவாள். ஆக, அடுத்த வெள்ளி. இந்த ஆபீஸில் நான் இதுவரை பத்தொன்பது பேருக்கு வளைகாப்பு நடத்தியிருக்கிறேன். ஒன்றுகூடச் சோடை போனதில்லை.

ஜூலை 8, திங்கள்

சிந்துஜா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், வெள்ளிக்கிழமைதான் ஆபீஸ் வருகிறாள். அவளைத் தவிர மற்றவர்களை வைத்துத் தனி வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். "வெள்ளி மூன்று மணி, பாண்ட்ரியில் சிந்துஜாவுக்கு வளைகாப்பு. அவளுக்கு மட்டும் மூச்சு விடக் கூடாது." பூக்களும் கைகளும் இதயங்களுமாக வந்து குவிந்தன. புளிசாதம், எலுமிச்சை, தக்காளி, தேங்காய், தயிர் என்று ஐந்து சாதத்துக்கும் ஆள் பிரித்தாயிற்று.

கௌதம் மட்டும் தனியாக எழுதினான்: நிஜமாவா அக்கா, பெரியம்மா எதுவுமே சொல்லலியே என்று. பெரியம்மா என்பது சிந்துஜாவின் மாமியார். கண்ணடிக்கிற முகம் ஒன்றை அனுப்பி வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

எழுத முடியவில்லை.

ஜூலை 13, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மீட்டிங் என்று சொல்லி அவளைப் பாண்ட்ரிக்கு அழைத்துவந்தோம். நாற்பது பேர் இருந்தார்கள். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், டவுன்ஹாலில் வாங்கிய கண்ணாடி வளையல். சுவரில் அவள் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. மெதுவாக அந்த வளையலைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மசக்கை, வாந்தி என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒரு சோடா பாட்டிலோடு பின்னால் போனேன்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள்.

"பல்லுன்னு எழுதினனேக்கா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்: "வேண்டாம்னு நானே முடிவு பண்ணித்தான் எர்ணாகுளம் போனேன். கலைச்சுப் பதினஞ்சு நாளாச்சு. எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. கௌதம் வெளிய போட்டோ எடுத்துட்டு நிக்கறான்."

சோடா பாட்டில் என் கையிலேயே இருந்தது. கலைப்பதையும் இன்சூரன்ஸ்காரர்கள் மகப்பேறு என்ற தலைப்பில்தான் எழுதுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிச்சுக்க கண்ணு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டாள். உள்ளே தயிர்சாதம் காலியாகிக்கொண்டிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்தேன். பரண் சுத்தம் செய்தேன். மீன் வாங்கி வந்து, உப்பு போட மறந்து குழம்பு வைத்தேன். இனி ஆபீஸ் பக்கம் அவள் வருவாளா என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

வந்தாள். ராஜினாமா கடிதத்தோடு வந்தாள். முப்பது நாள் நோட்டீஸ், ஆகஸ்ட் பதினாலு கடைசி நாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தேன். பித்தப்பையில் கல் என்று குழுவில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அது நல்ல யோசனை என்றுதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நினைத்திருந்தேன்.

"எனக்கு இன்னொரு வியாதி குடுக்காதீங்கக்கா" என்றாள். "நீங்க பட்டியலத் தப்பாப் படிச்சீங்க. அவ்வளவுதான் சொல்லணும். எதுக்குப் போனேன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

அவளே இன்னொன்றும் சொன்னாள். இங்கே மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். மூன்று இடத்திலும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். பதினெட்டு வயது தாண்டியவளுக்கு அவள் கையெழுத்தே போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது என்று அவள் காட்டியபோது, சட்டம் அப்படித்தான், எங்கள் வழக்கம் இப்படி என்றார்களாம். அதில் ஒரு இடத்தில் அவள் மாமியாருக்குத் தெரிந்த நர்ஸ் வேறு இருந்திருக்கிறாள். அப்போதுதான் நம் கம்பெனியின் புது விதி கண்ணில் பட்டது. பிறகு என் படிவம் கையில் கிடைத்தது.

ஏன் வேண்டாமென்று முடிவு செய்தாய் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறர் விஷயம் தெரியாமல் இருப்பது எனக்கு முதுகில் கை எட்டாத இடத்து அரிப்பு மாதிரி. வீட்டுக்காரரோடு சண்டையா, டாக்டர் ஏதாவது சொன்னாரா, அடுத்த பதவி உயர்வுக்காகவா. கேட்கவில்லை. நல்ல குணம் வந்து கேட்காமல் இல்லை, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேலையை ஏன் விட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாற்பது பேர் என் வயிற்றைப் பார்க்கிறார்கள் அக்கா என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

குழுவில் போட்டேன்: "காப்பீட்டுப் பட்டியலைத் தப்பாகப் படித்து, இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்து, யாரையும் கேட்காமல் விழா வைத்தது என் தவறு. சிந்துஜாவிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்." பத்தொன்பது விழா நடத்திய கலாக்காவுக்குக் கண் தெரியவில்லை என்று மூன்றாம் மாடி முழுக்கச் சிரித்ததாம். சிரிக்கட்டும். ஏழு மாதம் என்று நான் போட்ட கணக்கு அவ்வளவு அபத்தமாக இருந்ததுதான் நல்லதாகப் போயிற்று. பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

கௌதம் நம்பவில்லை. மேசைக்கே வந்தான். அந்த வரி அவளுடையது இல்லையென்றால் வேறு யாருடையது என்றான். யாருடையதும் இல்லை என்றேன். ஒரு வரி தானாக வருமா அக்கா என்றான். எனக்கு வேலை இருக்கிறது தம்பி என்றேன். போகும்போது, வெள்ளிக்கிழமையே பெரியம்மாவுக்குப் போட்டோ அனுப்பிவிட்டேனே என்று சொல்லிவிட்டுப் போனான்.



ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுட்டோம். மகள் நித்திலா சேலம் ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் பார்த்தாள். மாமியார் வருசா வருசம் சொல்வதைச் சொன்னார்: இன்னொன்று இருந்திருந்தால் அதுவும் இந்நேரம் கூட நின்று தேங்காய் சுட்டிருக்கும். இவர் வழக்கம் போல எழுந்து வெளியே போய்விட்டார். நான் வழக்கம் போல வெல்லம் இடித்தேன்.

இந்த டைரியில் இதுவரை எழுதாத ஒன்று. நித்திலாவுக்கு ஒரு வயதுகூட முடியவில்லை, மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. நான் தபாலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மதியத்துக்குள் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மாமியார் கடைவீதியில் அந்த ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்திருக்கிறார். "உங்க மருமகள நல்லாப் பாத்துக்கங்கம்மா, சத்தானதாக் குடுங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், வீட்டுக்கே தெரிந்துவிட்டது.

பத்தொன்பது வருசமாக அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். பொறாமைக்காரி, வாய் நிற்காதவள், நாசமாய்ப் போகிறவள் என்று. இன்று வெல்லம் இடிக்கும்போது தோன்றியது, அவள் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள். நானும் நல்ல மனசோடுதான் ஐந்து சாதம் செய்ய ஆள் பிரித்தேன்.

அழுதேன். மாமியார் வெங்காயமா நறுக்குகிறாய் என்று கேட்டார்.

ஜூலை 22, திங்கள்

சிந்துஜாவின் மாமியார் ஆபீஸ் எண்ணில் கூப்பிட்டார். ரிசப்ஷனிலிருந்து எனக்குக் கொடுத்தார்கள்.  கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

"ஏனுங்க அம்மிணி, எங்க சிந்து விசேசமா இருக்காளாமா? போட்டோவெல்லாம் வந்துச்சு. அவளக் கேட்டா இல்லீங்கறா. கௌதம் என்னமோ பட்டியல்ல இருந்துச்சுங்கறான்."

தப்பு முழுக்க என் மேல்தான் என்றேன். ஏழு மாதம் என்று நான் கணக்குப் போட்டதைச் சொன்னேன். அவரே, ஏழு மாசத்துல வயிறு எங்கீங்க போகும் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த அம்மாளின் குரல் தணிந்தது.

"அப்ப எர்ணாகுளத்துக்கு எதுக்குப் போனா? ஆபீஸ் வேலைன்னுதான் சொன்னா. நெசந்தானுங்களா?"

பொய் சொல்லவும் பயம், உண்மையைச் சொல்லவும் பயம். ஒரு நொடி என்னவெல்லாமோ ஓடியது. பிறகு எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று கையில் இருப்பது ஞாபகம் வந்தது.

"ஆபீஸ் அனுப்பித்தானுங்கம்மா போச்சு. டிக்கெட்டுப் போட்டது நான், ரூம் போட்டது நான். எல்லாம் கம்பெனிதானுங்க."

"அது சரிங். என்ன வேலைன்னு கேக்கறேன்."

"இங்க வேலை பாக்கற யாரப் பத்தியும் அதுக்கு மேல நான் வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா. நாளைக்கு எம் மருமகனே கூப்பிட்டு எம் பொண்ணப் பத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். இதுவரைக்கும் நான் பேசுனதே அதிகமுங்க."

  உங்க ஆபீசு ரொம்பத்தான் கறாருங்க என்றார். ஆமாங்கம்மா, இப்பத்தான் கறாரானோம் என்றேன். நல்லா இருங்க என்று வைத்துவிட்டார்.

நாற்காலியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சிந்துஜாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: கேட்டார்கள், ஆபீஸ்தான் அனுப்பியது என்றேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.  படித்ததற்கான நீலக்கோடு மட்டும் வந்தது.

ஜூலை 25, வியாழன்

தலைமை அலுவலகத்தின் தனியுரிமை அதிகாரி டெனீஸ் என்ற பெண்மணி காணொளியில் பேசினார். நானே நடந்ததை எழுதி அனுப்பியிருந்தேன். பெயரை மட்டும் எழுதவில்லை. விசாரணைக்கு யாரென்று தெரிய வேண்டாமா என்று பெனடிக்ட் சார் கேட்டார். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்று டெனீஸே சொல்லிவிட்டார்.

படிவத்தில் ஏன் நாலே கட்டம் வைத்தோம் தெரியுமா என்று கேட்டார். அவர் இருக்கும் மாநிலத்தில் கருவைக் கலைப்பதற்குத் தடை வந்த பிறகு, அங்கே பெண்கள் பல மணி நேரம் வண்டி ஓட்டி வேறு மாநிலம் போகிறார்களாம். விதியைப் போட்டதே முதலில் அவர்களுக்காகத்தான். ஆனால் அதற்கு மட்டும் என்று போட்டால், டிக்கெட் கேட்கிற ஒவ்வொருத்தியும் எதற்குப் போகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் எல்லா மருத்துவத்துக்கும் என்று பொதுவாக எழுதி, காரணம் கேட்பதையே விட்டார்களாம். நான் வாளையாரைச் சொல்லிச் சிரித்த நாள் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. விழாக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சரிதான் என்று கையெழுத்துப் போட்டேன். வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். வலித்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையிலிருந்து பெனடிக்ட் சாரோடு மல்லுக்கட்டு. நான் சேர்த்த மூன்று கட்டங்களையும் எடுத்துவிட்டேன். காரணம் கூடவா, யாராவது ஊர் சுற்றப் போய்விட்டு வந்தால் என்ன செய்வாய் என்றார். போகட்டும் சார், ஒருத்தர் ஏமாற்றுவார் என்று எல்லோருடைய வயிற்றையும் திறந்து பார்க்க முடியுமா என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இன்சூரன்ஸ் பட்டியலுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று அவரே கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தேன். இனி பெயரோ தலைப்போ வராது, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் வரும். டிக்கெட்டை முகவரே நேராகப் பணியாளருக்கு அனுப்பிவிடுவார், என் மேசைக்கு வராது.

இன்னொன்றையும் சேர்த்தேன். கரு கலைந்தாலோ, சட்டப்படி கலைத்துக்கொண்டாலோ ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சட்டத்தில் பல வருசமாக இருப்பதுதான். எங்கள் கையேட்டில் பிரசவத்துக்கு நாலு பக்கம் இருக்கிறது, இதற்கு ஒரு வரிகூட இல்லை. கையேட்டை எழுதியதும் நான்தான். சிந்துஜா அத்தனை நாளும் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாள். அந்த விடுப்பு அவளுக்கும் கிடைக்க வேண்டியது. சான்றிதழை மூடிய உறையில் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பலாம் என்று எழுதினேன்.

சார் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "நீ இல்லாட்டி இந்த ஆபீஸ்ல யாரு வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரிய வேண்டாம் சார் என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சிந்துஜா தன் வேலையைப் புதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் பார்த்தோம். தலையசைத்தாள். கௌதம் அவளிடம் நேராகவே ஸாரி கேட்டானாம். எதற்கு என்று அவனுக்கே சரியாகத் தெரியாது, ஆனாலும் கேட்டான். நல்ல பையன்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புது முறைப்படி முதல் பட்டியல். ஒரே வரி: வெளிமாநில மருத்துவப் பயணம், இரண்டு பேர். தலைகீழாக நின்றாலும் யாரென்று தெரியாது.

மதியம் கேண்டீனில் என் கண் ஒவ்வொரு மேசையாகப் போயிற்று. அக்கவுண்ட்ஸ் விசாலமா? சோறு பாதியிலேயே எழுந்துவிட்ட அந்த நெட்டைப் பையனா? பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

விடுவிப்புக் கடிதம் தயாராக வைத்திருந்தேன். நாலு மணிக்கு வந்தாள். கதவை அவளே சாத்தினாள்.

கடிதத்தைத் தொடவில்லை. நோட்டீஸ் போர்டில் ஆறு வாரம் என்று போட்டிருப்பது நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான், ஜூனிலேயே உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது, கொடுக்காதது என் தப்பு, இப்போதும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். கையெழுத்து யார் யாரிடம் வாங்க வேண்டும் என்றாள். உன்னுடையது போதும் என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சாரல். பிறகு, நான் கொடுத்த லெட்டரைத் திருப்பிக் கொடுப்பீங்களா அக்கா என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.  நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேண்டாம், இவளைக் கேட்காமல் ஒருமுறை கை பிடித்ததே போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தவள் கதவருகில் நின்றாள்.

"ஒரு மாசமாச்சு. ஏன் அப்படிப் பண்ணினேன்னு நீங்க கேக்கவே இல்லியேக்கா. இப்பச் சொல்லட்டுமா?"

ஒரு மாதமாகச் சோறு தண்ணி இல்லாமல் நான் காத்திருந்த பதில் தானாக வந்து மடியில் விழுகிறது. வாயைத் திறந்தேன்.

"வேண்டாம் கண்ணு" என்றேன்.

சிரித்தாள். மூன்று வருசமாக இந்த ஆபீஸில் இருக்கிறாள், இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாக அடங்கி, என்னையே பார்த்தாள். எங்க அத்தைகிட்ட நீங்க பேசினத அவங்களே சொன்னாங்க என்றாள். சாதாரணமாக யாரும் அப்படிப் பேச மாட்டாங்க என்றாள். "அக்கா, உங்களுக்கும் எப்பவாச்சும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேசையிலிருந்த விடுவிப்புக் கடிதத்தை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்ப வந்து, என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் அக்கா என்று கிளம்பினாள். நாளை லீவு, சுதந்திர தினம் என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை என்றாள்.

பத்தொன்பது வருசத்தில் வீட்டுக்கு வெளியே முதல்முறையாக ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லவே இல்லை. அவளும் யாரிடமும் சொல்ல மாட்டாள்.